கலர் மட்டும் கேட்டார்கள்

ஷோரூமில் அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். ஆனால் அங்கே இருந்த நேரம் முழுவதும் அவளிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "மேடம், கலர் எது பிடிச்சிருக்கு?" என்பதுதான்.

கார் அவளுக்காக. ஓட்டப்போகிறவள் அவள். பணமும் அவள் சேர்த்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற வேலை அவளுக்கு. புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள், ஊசி போடுவாள், குழாய் வைத்திருந்தால் சுத்தம் செய்வாள். அந்தத் தெருக்களில் அவளை எல்லோரும் நர்சம்மா என்றே கூப்பிடுவார்கள். இத்தனை காலமும் ஸ்கூட்டரில்தான் போய்வந்தாள். மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிய பிறகுதான் ஸ்கூட்டரை விற்றுவிட்டு, சின்னதாக ஒரு கார் வாங்கலாம் என்று முடிவு செய்தாள்.

அவள் கணவன் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. ரயிலில் போய் ரயிலில் வருகிறவன். ஆனால் கார் என்றால் அவனுக்கு உயிர். யார் எந்தக் கார் வாங்கினாலும் அதன் எஞ்சினைப் பற்றி வாய் ஓயாமல் பேசுவான். அதனால் அலுவலகத்தில் அவனுக்கு டர்போ என்று பட்டப்பெயர். அது கிண்டல் என்பது அவனுக்கு இன்றுவரை தெரியாது.

டர்போவின் கண் ஷோரூமின் நடுவில் நின்ற சிவப்பு டீசல் ஹேட்ச்பேக்கின் மேல் விழுந்தது. பின்னால் சின்னதாக ஒரு இறக்கை, இரட்டைப் புகைக்குழாய், ரேஸ் கார் மாதிரி சீட்டு. டை கட்டிய விற்பனையாளருக்கு அந்தப் பார்வையே போதுமாயிருந்தது. அவர் பிக்கப் என்று ஆரம்பித்தால் இவன் எஞ்சினின் இழுவிசை, டார்க் என்று முடித்தான். சாதாரணக் காரைவிட விலை எக்கச்சக்கம். ஆனால் இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டி கிடைக்காது என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள்.

நடுவில் நர்சம்மா கேட்டாள். "நான் ஒரு நாளைக்குப் பத்து வீட்டுக்குப் போறேன். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் நாலு தெருதான் தூரம். நின்னு நின்னுதான் போகணும். அதுக்கு இந்த வண்டி ஒத்துவருமா?"

விற்பனையாளர் டர்போவின் பக்கம் திரும்பினார். "டீசல் சார். மைலேஜைப் பத்திக் கவலையே வேண்டாம்."

கேட்டது அவள். பதில் போனது அவனுக்கு. அதுவும் யாருமே கேட்காத கேள்விக்கான பதில். அதற்குப் பிறகுதான் அவளைப் பார்த்துச் சிரித்துக் கலரைக் கேட்டார்.

அவள் ஏன் அப்போதே மறுக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மறுத்தாள். வீட்டுக்கு வந்தும் மறுத்தாள். உனக்கு என்ன தெரியும் என்று அவன் சொல்லவில்லை, அப்படிப் பேசுகிற ஆளும் இல்லை. "நீ கவலைப்படாதே, நான் பாத்துக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? சம்பாதிக்கிற பெண்ணை, பத்து நோயாளிகள் தங்கள் உடம்பை நம்பி ஒப்படைக்கிற பெண்ணை, சொந்தக் காசில் வாங்குகிற பொருளைப் பற்றிப் பேசவிடாமல் செய்ய ஒரு சிரிப்பு போதுமாயிருக்கிறது. கடைசியில் சிவப்பு வண்டியை அவள் தலையில் கட்டினார்கள்.

சில மாதங்களிலேயே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டர்போ வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனான். நர்சம்மாவும் கூடப் போனாள்.

"வண்டியை யார் சார் ஓட்டறாங்க?" என்றார் அங்கே இருந்தவர்.

"என் ஒய்ஃப்."

"அதானே பார்த்தேன்."

அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். டீசல் புகையில் வரும் கரியைப் பிடித்துவைக்க வண்டியில் ஒரு ஃபில்டர் இருக்கிறது. நீண்ட தூரம் நல்ல வேகத்தில் ஓடினால்தான் அது சூடேறி, பிடித்த கரி எரிந்துபோகும். நாலு தெரு ஓடி நிற்கிற வண்டியில் எஞ்சினே சரியாகச் சூடாகாது. கரி சேர்ந்து சேர்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவையாவது ஹைவேயில் விரட்ட வேண்டும்.

இதைத்தான் அவள் அன்றைக்குக் கேட்டாள். விற்கும்போது வாயைத் திறக்காதவர்கள், விற்ற பிறகு பாடம் நடத்தினார்கள். போதாததற்குப் பழியை அவள் மேல் போட்டார்கள். டர்போவும் சேர்ந்துகொண்டான். கியரை எப்படி மாற்ற வேண்டும், ஆக்ஸிலேட்டரை எப்படி மிதிக்க வேண்டும் என்று தினமும் சாப்பாட்டு மேஜையில் வகுப்பு எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இருந்த ஒரே ஓய்வுநாள். அன்றைக்கு இரண்டு பேரும் ஹைவேயில் எங்கும் இறங்காமல் போய், எதையும் பார்க்காமல் திரும்பினார்கள். வளர்ப்பு நாயை வாக்கிங் கூட்டிப்போவதுபோல இருக்கிறது என்று அவள் சொன்னதற்கு அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அதுவும் போதவில்லை. ஒரு நாள் காலையில், வயிற்றில் ஆபரேஷன் முடிந்து குழாயோடு படுத்திருந்த தையல்காரர் வீட்டுக்குப் போகிற வழியில், நாலுமுனைச் சந்திப்பில் ஃபில்டர் அடைத்து வண்டி சக்தி இழந்தது. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்துதான் போனது. பின்னால் ஹாரன் சத்தம். ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து, ஓட்டத் தெரியாவிட்டால் வீட்டில் இருக்கவேண்டியதுதானே என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் வண்டியை ஓரமாக விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது தையல்காரரின் கட்டு நனைந்து படுக்கைவரை ஊறியிருந்தது. அவருடைய மகள் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருந்தாள்.

தலைமை நர்ஸ் அவளைக் கூப்பிட்டார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வீடுகளுக்குப் போகிற வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, அவளை வார்டுக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். அந்தத் தெருக்களும் அந்த மனிதர்களும் அவளுக்கு வெறும் வேலை மட்டுமல்ல. அன்று வீட்டுக்கு வந்தவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை.

"நாளைக்கு ஆபீசுக்கு லீவு போடுங்க. வண்டியை நீங்க ஓட்டுங்க, நான் வேலையைப் பாக்கறேன். எனக்குத்தானே ஓட்டத் தெரியலை" என்றாள்.

ஃபில்டரில் சேர்ந்த கரியை முடிந்தவரை சுத்தம் செய்து கொண்டுவந்து, அவன் உற்சாகமாகவே கிளம்பினான். முதல் வீடு. எஞ்சினை அணைத்துக் காத்திருந்தான். இரண்டாவது வீடு வரைக்கும் இரண்டாவது கியர்தான். பள்ளிக்கூட வாசலில் நின்றான், குப்பை லாரிக்குப் பின்னால் நின்றான், மேட்டில் ஏறி மறுபடியும் நின்றான். அவன் வாயாரப் புகழ்ந்த வேகத்துக்கு அந்தத் தெருக்களில் இடமே இல்லை. விறைப்பான ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்தையும் அவன் முதுகில் எழுதியது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவள் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தாள். ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரம் முழுக்க அவன் லீவு போட்டான். வார முடிவில், அவன் கையிலேயே, மஞ்சள் விளக்கு எரிந்தது.

சர்வீஸ் சென்டரில் அதே ஆள். "மேடம் ஓட்டினாங்களா சார்?"

"இல்லை. நான்தான் ஓட்டினேன்" என்றான் டர்போ. கேட்டவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நியாயமாகச் சொன்னால் அந்த வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தினமும் ஊர்விட்டு ஊர் போகிறவனுக்கு அது கொடுத்த காசுக்கு வஞ்சகம் செய்யாது. அப்படிப்பட்ட ஒருவருக்கே அதை விற்றார்கள். வாங்கிய விலை கிடைக்கவில்லை. நஷ்டம்தான். அந்த நஷ்டமும் அவள் பணம்தான் என்பதை அவன் மறக்கவில்லை.

அதே ஷோரூமுக்குத்தான் மறுபடி போனார்கள். டை கட்டியவர் ஓடிவந்தார். சிறிய பெட்ரோல் கார் ஒன்று நின்றது. அவர் அதன் சாவியை டர்போவிடம் நீட்டினார். டர்போ கையைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. சாவியோடு நீண்ட கை அப்படியே நின்றது.

"என்கிட்ட ஏன் நீட்டறீங்க? ஓட்டப்போறது அவங்க" என்றான். "அன்னிக்கு அவங்க உங்களை ஒரு கேள்வி கேட்டாங்க. நீங்க பதில் சொல்லலை. நானும் அதைக் காதுல போட்டுக்கலை. முதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க. ஓட்டுறவங்களைக் கேக்காம வாங்கினா, எவ்வளவு நல்ல வண்டியா இருந்தாலும் அது அந்த விலை பெறாதுங்க."

விற்பனையாளர் முதல் தடவையாக நர்சம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தார். அவள் சாவியை வாங்கிக்கொண்டு, மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். அவர் அவளைப் பார்த்தே பதில் சொன்னார். நின்று நின்று போகிறவர்களுக்கு இது சரிப்படும், இதில் கரி அடைக்கிற தொல்லை வராது என்றார். அவள் முழுவதும் கேட்டுவிட்டுக் கார்க் கதவைத் திறந்தாள்.

"சரி, ஓட்டிப் பாத்துட்டு வரேன்" என்றாள். "கலரை மட்டும் அவரைக் கேட்டுக்குங்க."