சுக்கான் கிழவருக்குத் தொண்டை கட்டிய கதை

என் மாமனாரோடு பந்தயம் கட்ட நினைப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கட்டாதீர்கள். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷர். எந்த வளைவில் எவன் குறுக்கே வருவான் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பார். நாமாகப் போய் மாட்டிக்கொண்ட பிறகுதான் அது அவர் போட்ட கணக்கு என்றே தெரியும்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. ரயில் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து அறிவிப்புச் செய்கிற உத்தியோகம் எனக்கு. எங்கேயோ வெட்டவெளியில் எஞ்சின் பழுதாகி நிற்கிற வண்டியைப் பற்றி, இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும் என்று குரலில் துளி நடுக்கம் இல்லாமல் சொல்வேன். பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் அதை நம்பி மூட்டையைத் தூக்குவார்கள். வீட்டுக்கு வந்தால் அந்தக் குரலைக் கழற்றி வைத்துவிடுவேன். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கழற்றவில்லை. அதுக்கு இப்போது என்ன?

மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்தால் பளிச்சென்று தெரியும், இன்னும் தள்ளிப்போட்டால் சிக்கலாகிவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மாமா மசியவில்லை. பயமா என்று கேட்டால் பொத்துக்கொண்டு கோபம் வரும். கண்ணுக்குக் கிட்டே கத்தியைக் கொண்டு வருகிறவனை நம்புவதற்கு அவன் என்ன நான் பெத்த பிள்ளையா என்பார். பெத்த பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். அவர் கையில் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தாலே மாமா இரண்டடி தள்ளி நிற்பார் என்பது வேறு விஷயம்.

கண் மங்கியதில் அவருக்குப் பெரிய இடி, புத்தகம் போனது. வண்டி கிளம்ப நேரமிருந்தால் ஸ்டியரிங் மேலேயே நாவலை விரித்துவைத்துப் படித்த ஆள். எல்லாம் அந்தக் காலத்து சாகசக் கதைகள்தான். பனிமலையில் மாட்டிக்கொண்டவர்கள், பாலைவனத்தில் புதையல் தேடிப் போனவர்கள், தீவில் ஒதுங்கியவர்கள். காலை ஷிப்ட் முடித்து வந்து நான் அவருக்கு வாசித்துக் காட்ட ஆரம்பித்தேன். ஒரு புத்தகம் முடிந்தால் அதை வைத்து இந்தக் காலத்தில் எடுத்த படத்தை ஞாயிற்றுக்கிழமை போட வேண்டும். அது அவர் போட்ட சட்டம். படங்கள் எல்லாம் எங்களுக்குப் புரியாத மொழியில் இருக்கும். திரையில் நடப்பதை நான் சொல்லிக்கொண்டே, கீழே ஓடும் எழுத்தையும் படிப்பேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, படம் எடுத்தவனைத் திட்டிக்கொண்டே கேட்பார்.

திட்டுவதற்கும் குறைச்சல் இருக்காது. ஒட்டகத்தில் போன கதையில் கார்கள் துரத்தும். தாடி வளர்த்த முரடர்கள் மட்டுமே இருந்த பனிமலைக்கு உதட்டுச் சாயம் கலையாத ஒரு டாக்டரம்மா வந்து சேருவார். கதாநாயகன் எந்தக் குளிரிலும் சட்டை போடமாட்டான். இந்தச் சட்டை விஷயத்தை நான் கொஞ்சம் விரிவாகவே வர்ணிப்பேன். மாமா கனைப்பார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன், மாமா எங்கள் தெருமுனையில் நடுரோட்டில் நிற்கிறார். முன்னால் போகவும் தெரியவில்லை, பின்னால் வரவும் தெரியவில்லை. ஒரு பஸ்காரன் சடாரென்று பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டி, கண்ணு தெரியலையா என்று கத்திவிட்டுப் போனான். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கை சில்லென்று இருந்தது. இந்த மனுஷரை ஒரு நாள் வண்டிச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுவோமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அப்போது நாங்கள் வாசித்து முடித்திருந்தது ஒரு கப்பல் கதை. அதில் சுக்கான் பிடிக்கிற கிழவர் ஒருவர் வருகிறார். பார்வை பாதி போனவர். வாய் மட்டும் ஓயாது. காற்றைத் திட்டுவார், பாய்மரத்தை மிரட்டுவார், சுக்கானோடு குடும்ப விஷயம் பேசுவார். கடைசி அத்தியாயத்தில் எதிரே ஒன்றும் தெரியாத மூடுபனி. மற்றவர்கள் எல்லாம் கைவிட்டுவிட, கிழவர் அலை பாறையில் மோதுகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டே கப்பலை இரண்டு பாறைகளுக்கு நடுவே நுழைத்துக் கரை சேர்ப்பார். மாமாவுக்கு அவர் என்றால் உயிர். கண் இல்லாமலே கப்பல் ஓட்டினான், எனக்கு எதுக்கு ஆபரேஷன் என்று அதையும் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டார்.

ரோட்டில் நின்றதற்கு மறுநாள், நான் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தபோதுதான் அந்தப் பந்தயத்தைப் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை படம் பாப்போம். அதுல சுக்கான் கிழவன் கரை சேர்ந்தான்னா நான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன். நடுவுல அவனைக் கழிச்சுக் கட்டிட்டாங்கன்னா, இனிமே இந்த வீட்டுல கண்ணுன்னு யாரும் பேசக் கூடாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதையே அந்தக் கிழவரை நம்பித்தான் நிற்கிறது. அவரைத் தூக்கிவிட்டால் கப்பலை யார் ஓட்டுவது? கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மாமா உதட்டோரம் சிரித்த மாதிரி இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் படத்தைப் போட்டோம். கிழவர் வந்தார். கரகரத்த குரலில் காற்றைத் திட்டினார். மாமா முகம் மலர்ந்துபோய், இவன்தானே, இவன்தானே என்று கேட்டுக்கொண்டார். நான் மனசுக்குள் ஆஸ்பத்திரிக்கு என்ன பையை எடுத்துப் போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முதல் புயல் வந்தது. பாய்மரம் முறிந்தது. கிழவரைத் தட்டிக் கடலில் தள்ளியது. ஒரு கை மேலே தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை. அவ்வளவுதான், ஆள் காலி. கதாநாயகன் சட்டையில்லாமல் மழையில் மண்டியிட்டு அழ ஆரம்பித்தான். படுபாவிகள், கொறிக்க வாங்கிவந்த பொட்டலம்கூட இன்னும் தீரவில்லை.

"என்னம்மா ஆச்சு? ஏன் எல்லாரும் கத்துறாங்க?" என்றார் மாமா. நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தார்.

அந்தப் பிடியைப் பார்த்தேன். நடுரோடு ஞாபகம் வந்தது. என்னையறியாமல் ரயில் நிலையக் குரல் வந்துவிட்டது. பாய்மரம் முறிந்துவிட்டது, கிழவர் சமயத்தில் நகர்ந்துகொண்டார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றேன். இந்தச் சமயம் பார்த்துத்தானா என் வீட்டுக்காரர் டீயைத் தூக்கிக்கொண்டு உள்ளே வர வேண்டும்? திரையில் கப்பலே அழுதுகொண்டிருந்தது.

"யாரு செத்தது?" என்றார்.

"திமிங்கலம்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பார்த்த பார்வையில் டீயை வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். கல்யாணம் ஆனவர்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை. மாமாதான் விடவில்லை. திமிங்கலத்துக்கா இத்தனை பேர் அழுகிறார்கள் என்று கேட்டார். கப்பல் கூடவே வந்து பழகிய திமிங்கலம் என்றேன். புத்தகத்தில் திமிங்கலமே கிடையாதே என்றார். படத்துக்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்றேன். பாலைவனத்தில் கார் விட்டவர்கள் இதையும் செய்வார்கள் என்று அவரே தலையாட்டிக்கொண்டார்.

ஒரு பொய்யைச் சொல்வது பெரிய காரியம் இல்லை. அதை மிச்சப் படம் முழுக்கச் சுமந்துகொண்டு போவதுதான் பெரும்பாடு. கொஞ்ச நேரத்தில் மாமா, கிழவன் குரலே காணோமே என்றார். புயலில் நனைந்ததில் தொண்டை கட்டிக்கொண்டது என்றேன்.

"வெந்நீர் குடுக்கச் சொல்லும்மா" என்றார், ரொம்ப அக்கறையாக.

குடுக்கிறார்கள் மாமா, இப்போதுதான் கப்பலில் எடுபிடி வேலை செய்கிற பையன் எடுத்து வருகிறான் என்றேன். அந்தப் பையன் உண்மையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். அவன் ஏன் கத்துகிறான் என்று கேட்டார். கிழவர் காதில் சொல்வதை இவன் உரக்கச் சொல்கிறான் என்றேன். என் வீட்டுக்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். கடைசியில் மூடுபனி வரும், அதைவைத்துச் சமாளித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். வந்தது பீரங்கிச் சண்டை. வீடே அதிர்ந்தது. நான் அசையாமல் மூடுபனியை வர்ணித்துக்கொண்டிருந்தேன். என்ன வெடிச் சத்தம் என்றார். அலை பாறையில் மோதுகிறது என்றேன். இவ்வளவு சத்தமாகவா என்றார். பெரிய பாறை மாமா என்றேன்.

கதாநாயகன் கரையில் இறங்கி ஒருத்தியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கும்போது, கிழவர்தான் முதலில் இறங்குகிறார் என்று சொல்லி முடித்தேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எப்படி இறங்குறாரு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"யார் கையையும் பிடிக்காம இறங்குறாரு மாமா."

"சரி. டாக்டர்கிட்ட தேதி வாங்கு" என்றார்.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்தவர், ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்து எல்லோரையும் ஒரு வழி பண்ணினார். மகனுக்கு இவ்வளவு நரைத்துவிட்டதா என்றார். அடுப்படி மேடையைத் துடைக்கிற வழக்கமே இல்லையா என்றார். அதையும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். ஆனால் இடது கண் பாக்கி இருந்தது. அதைப் பற்றிப் பேசினால் பார்ப்போம் பார்ப்போம் என்று இழுத்தார். இந்த நேரத்தில் உண்மை தெரிந்தால் அந்தக் கண் அப்படியே நின்றுவிடும். அதனால் அந்தப் படத்தை எங்கேயும் காணவில்லை, நீக்கிவிட்டார்கள் என்று புளுகி வைத்தேன். கப்பல் புத்தகத்தைக்கூட மேல் தட்டில் பின்பக்கமாகச் சொருகிவிட்டேன்.

ஒரு நாள் ஷிப்ட் முடிந்து கதவைத் திறக்கிறேன், கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. மாமா ரிமோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். திரையில் மழை, முறிந்த பாய்மரம், கடலுக்கு மேலே ஒரு கை. அதில் படத்தை நிறுத்தி வைத்திருந்தார். யார் போட்டுக் கொடுத்தது என்று நான் கேட்கவே தேவையில்லை, என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே ஓடினார்.

இது வேறு படம் மாமா, அதே கதையை இரண்டு பேர் எடுத்திருக்கிறார்கள் என்று அந்தக் குரலிலேயே ஆரம்பித்தேன். பாதியில் அதுவும் நின்றுவிட்டது. மாமா என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. எஞ்சின் நின்னா டிரைவருக்குத் தெரியாதா? வாயை மூடாத மனுஷன். அவன் சத்தம் நின்ன இடத்துலயே தெரிஞ்சுபோச்சு."

அப்படியானால் பந்தயத்தில் ஜெயித்தது அவர்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரிப் பக்கமே போயிருக்க வேண்டாம். பின்னே ஏன் போனீர்கள் என்று கேட்டேன். அவர் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"படம் எடுத்தவன் கிழவனைக் கடல்ல தள்ளிட்டான். நீ தள்ள விடலையே. தொண்டையைக் கட்டி, வெந்நீர் குடுத்து, எப்படியோ இழுத்துட்டு வந்து கரையில இறக்கிட்டே. அதுக்கு மேல நான் என்ன பந்தயம் பேசுறது?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இடது கண்ணுக்கும் தேதி வாங்கிவிடு, இந்தத் தடவை பந்தயமெல்லாம் வேண்டாம் என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"ஆனா ஒண்ணு. ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துட்டேன். அந்தத் திமிங்கலம் எங்கம்மா?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவிக்கிறவளுக்கு ஒரு சத்தம் எழும்பவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன, உனக்கும் கட்டிக்கிச்சா? இரு, வெந்நீர் கொண்டு வர்றேன்."

எழுந்து, சுவரைத் தொடாமலே அடுப்படிக்குப் போனார்.