முன் பிரேக்

இசக்கிமுத்துவுக்கு ஒரு பெருமை உண்டு. சொந்த ஊரான கோவில்பட்டியிலிருந்து திருப்பூர் வரை மோட்டார் சைக்கிளிலேயே வந்து சேர்கிறவன் அவன். தீபாவளிக்கு ஊர் போக எல்லோரும் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் அல்லாடும்போது, இவன் மனைவி ஆஷாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ராஜா மாதிரி கிளம்பிவிடுவான். எத்தனை லாரியை முந்தினான், எந்த வளைவில் எப்படிச் சாய்த்தான் என்பதையெல்லாம் பனியன் கம்பெனித் தையல் மிஷினில் உட்கார்ந்தபடி பக்கத்து மிஷின்காரர்களுக்கு வாரக்கணக்கில் சொல்லுவான். கேட்டவர்களுக்குக் காது புளித்தாலும் அவனுக்கு வாய் வலித்ததில்லை.

அப்பேர்ப்பட்டவனை ஒரு கிலோமீட்டர் ஜல்லி கவிழ்த்துவிட்டது.

கம்பெனியிலிருந்து ஊத்துக்குளி ரோட்டுக்குப் போகும் பாதையைப் புதுசாகப் போடப் போகிறார்கள் என்றதும் எல்லோருக்கும் சந்தோஷம். பழைய தாரைக் கிளறினார்கள், ஜல்லியைக் கொட்டிப் பரப்பினார்கள், ரோடு ரோலர் முன்னும் பின்னும் உருண்டது. அத்தோடு ஆட்களும் ரோலரும் வேறெங்கோ போய்விட்டார்கள். தார் வரும், வரும் என்றார்கள். வந்தது தூசிதான்.

ஜல்லி கொட்டிய மறுநாள் சாயங்காலம், கம்பெனி விட்டு வரும்போது, "நான் இறங்கி நடந்து வாரேன்" என்றாள் ஆஷா.

"சும்மா உக்காரு. கோவில்பட்டி வரைக்கும் ஓட்டுதவனுக்கு இதெல்லாம் ஒரு ரோடா" என்றான் இசக்கிமுத்து.

பாதி வழியில் எதிரே ஒரு டெம்போ வந்தது. பதறிப்போய் முன் பிரேக்கைப் பிடித்தான். ஜல்லியில் முன் பிரேக்கைப் பிடிக்கக் கூடாது என்பது நேற்று வண்டி பழகியவனுக்குக்கூடத் தெரியும். முன் சக்கரம் சறுக்கியது. வண்டி ஒரு பக்கமும் இவர்கள் ஒரு பக்கமுமாகக் கிடந்தார்கள். பெரிய அடி இல்லை. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவளுக்கு முழங்காலில். வண்டியில் இருந்த ஒரே கண்ணாடியும் உடைந்தது.

கம்பெனி விட்ட நேரம் ஆகையால் கூட்டம் கூடிவிட்டது. அடுத்த மிஷினில் தைக்கும் முனீஸ், இவனுடைய வளைவுக் கதைகளையெல்லாம் கேட்டு நொந்தவன், "என்னண்ணே, நீங்களே விழுந்துட்டிய" என்றான். இசக்கிமுத்துவுக்கு மானம் போயிற்று. போன மானத்தைப் பிடிக்க வாயில் வந்ததைச் சொன்னான்.

"எல்லாம் இவளாலதான். பின்னால உக்காந்து ஆடிக்கிட்டே வந்தா வண்டி என்ன செய்யும்?"

ஆஷா எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, மீதி ஜல்லியை நடந்தே கடந்தாள்.

அதற்குப் பிறகு யாருமே வீம்பு பண்ணவில்லை. ஜல்லி ஆரம்பிக்கும் இடத்தில் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். ஆண்கள் இரண்டு காலையும் தரையில் உரசிக்கொண்டு, வாத்து மாதிரி ஆடி ஆடி வண்டியைக் கொண்டுபோவார்கள். ஜல்லி முடியும் இடத்தில் உள்ள சிறு பாலத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும். பெண்கள் நடந்து வந்து அவரவர் வண்டியில் ஏறிக்கொள்வார்கள். தூசிக்காக எல்லோரும் கம்பெனியில் கழித்துப்போட்ட பனியன் துணியை முகத்தில் சுற்றியிருப்பார்கள். எந்த ஆர்டர் ஓடுகிறதோ அந்த நிறம்தான் முகத்தில். அப்போது ஓடியது ஆரஞ்சு. ஊரே ஆரஞ்சு முகத்தோடு நடந்தது. மேலே எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு. ஆண்கள் தலையில் பாதுகாப்பு வாரத்துக்குக் கம்பெனி கொடுத்த ஒரே மாதிரி மஞ்சள் ஹெல்மெட்.

ஆஷா வண்டியில் ஏறினாள், இறங்கினாள். பேசத்தான் இல்லை. முன்பெல்லாம் அவன் தோளில் கை வைத்து, வீடு போய்ச் சேரும்வரை காதோரம் பேசிக்கொண்டே வருவாள். இப்போது பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூட்டை மாதிரி உட்கார்ந்து வந்தாள். வீட்டில் அவன் அப்பா, அம்மா, தங்கையோடு சேர்த்து ஒற்றை அறையில் ஐந்து பேர். புருஷனும் பெண்டாட்டியும் தனியாகப் பேச அந்த வண்டியை விட்டால் வேறு இடம் கிடையாது. அதுவும் போகப் போகிறது என்று ஒரு சனிக்கிழமை காலையில் தெரிந்தது.

"திங்கக்கிழமையிலருந்து நான் கம்பெனி வேன்ல வாரேன். பேர் குடுத்துட்டேன்" என்றாள்.

அன்று முழுக்க அவனுக்குத் தையல் ஓடவில்லை. தப்பு யாருடையது என்று அவன் மனசுக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் விட்டால் அப்புறம் சொல்ல இடமே இல்லை.

சாயங்காலம் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபடி இருந்ததில் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. ஒரு ஆரஞ்சு முகம் வந்து ஏறியது. பின் கம்பியைப் பிடித்துக்கொண்டது. கிளம்பினான். கொஞ்ச தூரம் போனதும் ஆரம்பித்தான்.

"ஏட்டி, ஒண்ணு சொல்லணும்."

பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு விழுந்தது.

"இரு, முடிச்சிருதேன். நடுவுல பேசுனா அப்புறம் நான் சொல்லவே மாட்டேன். அன்னைக்கு நீ ஆடவே இல்ல. நான்தான் டெம்போவப் பாத்துப் பயந்துபோய் முன் பிரேக்கப் பிடிச்சிட்டேன். முனீஸ் பய முன்னால மானம் போயிருமேன்னு உம் மேல பழியப் போட்டேன். ரத்தத்தோட நின்னவளப் போய் அப்படிச் சொல்லிட்டேன். நெனச்சா எனக்கே அசிங்கமா இருக்கு. நீ பேசாம வார வண்டிய ஓட்டவே பிடிக்கல. வேன்ல போகாத ஆஷா."

பதிலுக்குக் காத்திருந்தான்.

"நல்லாத்தான் சொன்னீங்க தம்பி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஆனா இதையக் கேக்க வேண்டிய புள்ள அங்க பாலத்துலயே நிக்குதுங்களே."

இந்த முறை அவன் மிதித்தது பின் பிரேக்கைத்தான். திரும்பிப் பார்த்தான். கம்பெனியில் துணி தேய்க்கும் அயர்ன் மாஸ்டர் சின்னானின் மனைவி வேலாத்தாள் துணியை விலக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னானுக்கும் இவனுக்கும் ஒரே மாதிரி கருப்பு வண்டி. பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கின்றன.

"அக்கா, நீங்க வாயத் தொறந்து சொல்லப்படாதா?"

"சொல்லத்தானுங்க தட்டினேன். நடுவுல பேசினா சொல்லவே மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க? பாவம், அந்தப் புள்ளைக்காகப் பேசாம இருந்தேன். திருப்புங்க வண்டிய."

பாலத்தில் பாதிக் கம்பெனி நின்றது. ஆஷா கைகட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"எங்கூட்டுக்காரிய எங்கீங்க தம்பி கூட்டிட்டுப் போனீங்க?" என்றார் சின்னான்.

"கோவில்பட்டிக்கே கொண்டுபோயிருவியளோன்னு பயந்துட்டோம்ணே" என்றான் முனீஸ்.

சிரிப்பு அடங்குவதற்குள் வேலாத்தாள் இறங்கி ஆஷாவிடம் போனாள். "கண்ணு, உன்ற புருசன் ஒண்ணு சொல்லோணுமாம். நாங் கேட்டுட்டேன். நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, இடுப்பில் கை வைத்து அங்கேயே நின்றுகொண்டாள். இசக்கிமுத்துவுக்கு ஓட வழியில்லை.

மெதுவாகச் சொன்னான். "அன்னைக்கு முன் பிரேக்கப் பிடிச்சது நான்தான்."

"எனக்குத் தெரியாதா? பின்னால இருந்து உங்க கையத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள் ஆஷா. துணிக்கு மேலே தெரிந்த கண்கள் கலங்கியிருந்தன. "என்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? இவங்ககிட்டல்லா என்னயச் சொன்னிய."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். மிஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை, நன்றாகவே எழும்பியது.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அன்னைக்கு ஆஷா ஆடல. ஜல்லியில முன் பிரேக்கப் பிடிச்சு விழத்தாட்டுனது நான்தான். தப்பு என்னுது."

முனீஸ் தலையைச் சொறிந்தான். "அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும்ணே. ஜல்லியில சக்கரம் இழுத்த கோடு கெடந்துச்சுல்லா."

இத்தனை நாள் கட்டிக்காத்த மானம் யார் கண்ணுக்கும் தெரியாத மானம் என்று இசக்கிமுத்துவுக்கு அப்போதுதான் புரிந்தது. பாலமே சிரித்தது. வேறு வழியில்லாமல் ஆரம்பித்து, கடைசியில் அவனும் மனம்விட்டே சிரித்தான்.

"ஏனுங்க, பாத்தீங்களா? உங்குளுக்கும் எங்கிட்டச் சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று வேலாத்தாள் தன் வீட்டுக்காரரைக் கேட்டாள்.

"தூசி அப்புது, ஏறு புள்ள" என்று சின்னான் அவசரமாக வண்டியை உதைத்தார்.

இசக்கிமுத்துவின் வண்டியிலும் ஆள் ஏறியது. வேனைப் பற்றிக் கேட்க அவனுக்குப் பயம். கேட்காமலே கிளம்பினான். ஊத்துக்குளி ரோட்டில் திரும்பும்போது தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"வேன்ல குடுத்த பேரை அடிச்சிரச் சொல்லணும்" என்றது காதோரம். "மெதுவாப் போங்க. பேச வேண்டியது ஒரு வாரத்துக்குக் கெடக்கு."

இரண்டு பக்கமும் இளநீர் குலைகளைக் கட்டிய ஒரு பழைய மொபெட் கரகரத்துக்கொண்டு அவர்களை முந்திப் போனது. கோவில்பட்டிவரை லாரிகளை முந்துகிறவன், ஓரமாக ஒதுங்கி அதற்கு வழி விட்டான்.