மூன்றாம் பரிசு வாத்து

1940 நவம்பர் பதினொன்று, முதல் உலகப் போர் முடிந்த நாளுக்கான விடுமுறை. மிசிசிப்பி ஆற்றின் மேல் கோடை போல வெயில் அடிக்க, என் மச்சான் ஹெர்மன் லிட்கே கோட்டைக் கழற்றிக் கரையில் நின்ற காரிலேயே போட்டுவிட்டார். எங்கள் ஊர் வாத்து வேட்டைச் சங்கத்தின் தலைவர் அவர். தலைவரே சட்டையோடு வரும்போது நான் கோட்டுப் போட்டால் மரியாதையாக இருக்காது, நானும் கழற்றினேன். சங்கத்தில் பதவி இல்லாதவன் நான் ஒருவன்தான். ஆகவே துடுப்பு என் கையில்.

நடு ஆற்றுத் தீவில் இறங்கியதும் ஹெர்மன் பறந்துபோகிற வாத்துகளை ஏமாற்றி இறக்கும் தன் பொம்மை வாத்துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டார். தேவதாரு மரத்தில் அவரே செதுக்கிச் சாயம் பூசியவை. அவற்றில் ஒன்று மாவட்டக் கண்காட்சியில் மூன்றாம் பரிசு வாங்கியது. போட்டியிட்டவர்களே மூன்று பேர்தான் என்பதை வீட்டில் யாரும் பேசக்கூடாது.

எதிர்த் தீவில் குலாஸ் சகோதரர்கள் பொம்மைக்குப் பதில் சேற்றை வாத்து உருவமாகப் பிடித்து வைத்திருந்தார்கள்.

"பொம்மை செய்ய வக்கில்லாதவனெல்லாம் வேட்டைக்கு வந்துட்டான் பாரு, மாப்ளே!" என்று அவர்களுக்கும் கேட்கும்படி சிரித்தார் ஹெர்மன்.

மதியத்துக்கு முன் மேற்கே வானம் கன்றியது. அந்தப் பக்கமிருந்து வாத்துகள் வந்தன. ஆயிரக்கணக்கில், தலையை உரசுகிற தாழ்வில்.

"பாத்தியா! என் பொம்மையப் பாத்துத்தான் வருதுங்க."

"ஒண்ணுகூட வட்டம் போட்டுப் பாக்கலையே மச்சான். சுட்டாலும் விலக மாட்டேங்குது. எதுக்கோ பயந்து ஓடுற மாதிரி இருக்கு. கிளம்பிடலாம்."

"போன வருஷம் பூரா ரெண்டே வாத்து அடிச்சவன் நீ. எனக்குப் பாடம் எடுக்காதே."

"அந்த ரெண்டையும் உங்க கணக்குலதானே சேத்துக்கிட்டீங்க."

மோசமான வானிலைதான் நல்ல வேட்டை என்பது எங்கள் ஊர் வேதம். சுற்றியிருந்த எல்லாத் தீவுகளிலும் துப்பாக்கி வெடித்தது. ஒருவனும் கிளம்பவில்லை.

பிறகு காற்று திரும்பியது. மழை பிடித்துக்கொண்டது. அது பனிக்கட்டியாகி, பனிக்கட்டி வெண்சுவராகியது. வியர்த்திருந்த சட்டை முதுகில் தகடாக விறைத்தது.

"படகுல ஏறுங்க!" என்று கத்தினேன்.

"பொம்மைய விட்டுட்டா?"

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கடைசியாகப் பரிசு வாத்தை மார்போடு அணைத்தபடி அவர் கரையேறியபோது, அலை எங்கள் படகைப் பாறையில் அடித்துப் பிளந்து, துண்டுகளை ஆற்றோடு கொண்டுபோயிருந்தது.

வெற்றுத் தோட்டாவுக்குள் அடைத்திருந்த தீக்குச்சிகள் மட்டும் ஈரமாகவில்லை. பச்சைப் புதர் எரிய மறுத்தது. நான் பொம்மைகளைப் பார்த்தேன்.

"அதுல கை வெச்சே, தங்கச்சி புருஷன்னுகூடப் பாக்க மாட்டேன்!"

"சரி. உங்களைப் புதைக்கும்போது கூடவே வெச்சுப் புதைக்கச் சொல்றேன்."

குளிரில் அவர் பல் கிட்டித்துக்கொண்டது. முதல் வாத்தைக் கத்தியால் பிளந்து கொளுத்தினேன். தேவதாரு நன்றாக எரிந்தது, சாயம் இன்னும் நன்றாக. ஒன்று அணையும்போது அடுத்தது. பரிசு வாத்தை மட்டும் அவர் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

எதிர்த் தீவிலும் ஒரு சிவப்புப் பொட்டுத் தெரிந்தது. குலாஸ்காரர்கள் படகுப் பலகையை உடைத்து எரித்திருக்க வேண்டும். இருட்டும் நேரத்தில் அங்கிருந்து மூன்று முறை துப்பாக்கி வெடித்தது. உதவி கேட்கிற வெடி. எங்களிடமும் படகில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சிவப்பு மங்கியது. பிறகு இல்லை.

எங்கள் தீயும் படுத்துக்கொண்டிருந்தது. ஹெர்மன் சட்டைக்குள் கைவிட்டுப் பரிசு வாத்தை எடுத்து, தானே தீயில் வைத்தார்.

"மாப்ளே... அவனுங்ககிட்ட எரிக்க வேற எதுவும் இருந்திருக்காது, இல்லே?"

நான் குனிந்து தீயை ஊதினேன். விறைத்த வாத்து ஒன்று தள்ளாடி வந்து அவர் காலடியில் ஒண்டியது. அவர் துப்பாக்கியைத் தேடவில்லை.

மறுநாள் எங்களை ஏற்றிக்கொண்ட படகு அடுத்து எதிர்த் தீவுக்குப் போனது. அங்கே ஏற்றிய சகோதரர்களைத் தலையோடு சாக்குப் போட்டு மூடினார்கள். வழியெல்லாம் ஹெர்மன் தன் வெறுங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் தலைவர் உரை இல்லை. சங்கம் தொடங்கியதிலிருந்து அதுதான் முதல் முறை.