வதந்தியிலும் வேறொருத்தி

வத்தேகம பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் ஒரே பெண் ஐரின். ஒட்ட வெட்டிய தலைமுடி, கை மடித்த சட்டை, நீளக் காற்சட்டை. தூரத்திலிருந்து "தம்பி, ஹயர் போவமா?" என்று சவாரிக்குக் கைகாட்டுகிறவர்கள் கிட்டே வந்ததும் ஒரு கணம் திகைத்து நிற்பார்கள். சிலர் பேசாமல் அடுத்த ஆட்டோவுக்குப் போய்விடுவார்கள். ஐரின் அதற்கெல்லாம் கவலைப்படுவதில்லை. அவளுக்கும் சேர்த்துக் கவலைப்படுகிறவள் ஷிராணி.

ஷிராணி பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் கிளார்க். இருவரும் வீட்டுக்காரர் சுவக்கின் அங்கிள் வீட்டின் பின்பக்க அனெக்ஸில் மூன்று வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். யார் கேட்டாலும் ஷிராணி, "எங்க பெரியம்மா மக" என்பாள். உண்மையில் அவர்கள் ஒருத்தியை ஒருத்தி விரும்பி, அவரவர் வீட்டை விட்டு வந்து சேர்ந்தவர்கள். அது அவர்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காக ஷிராணி பல ஏற்பாடுகள் செய்து வைத்திருந்தாள். ஐரின் அவளைத் தொழிற்சாலை வாசல்வரை கொண்டுவிடக் கூடாது, சந்தியிலேயே இறக்கிவிட வேண்டும். ஞாயிறு பூசைக்குச் சேர்ந்து போகக் கூடாது. கடைத்தெருவில் கண்டால் தலையசைப்பதோடு சரி. ஐரின் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே சம்மதித்திருந்தாள்.

அப்போதுதான் அஸீமா டீச்சர் வந்தாள்.

அஸீமாவின் கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். படியில் விழுந்து கால் முறிந்த பிறகு அவளால் பஸ் ஏற முடியவில்லை. பாடசாலைக்குப் போய்வரப் பெண் டிரைவர்தான் வேண்டும் என்று அவளுடைய மாமி விசாரித்து ஐரினைப் பிடித்தார். முதல்நாள் ஐரினைப் பார்த்து மாமி முகத்தைச் சுளித்தாராம். அஸீமா, "பொம்பள டிரைவர் கேட்டீங்க மாமி, பொம்பளதான் வந்திருக்கு" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டாளாம்.

இதை ஐரின் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஷிராணி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் டீச்சர்தான். டீச்சர் இப்படிச் சொன்னா, டீச்சருடைய மகன் அப்படிச் செய்தான், டீச்சருக்கு இந்தச் சட்டை பிடித்திருக்காம்.

"அந்த நீலச் சட்டை நான் வாங்கிக் குடுத்தது" என்றாள் ஷிராணி.

"அதத்தான் சொல்றேன். நல்லா இருக்குன்னா."

ஷிராணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வேலையில் ரசீதுகளைப் பதியும்போதும், பாடசாலை விடும் நேரம் வந்துவிட்டதா என்று கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. இப்போது ஏறியிருப்பாள். இப்போது ஏதோ சொல்லிச் சிரிப்பாள். ஐரினும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிராணி சந்தைக்குப் போனபோது அந்த ஆட்டோ கோழிக்கடைக்கு எதிரே நின்றது. பின் சீட்டில் அஸீமா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முன் சீட்டில் ஐரின் பக்கவாட்டில் திரும்பியிருந்தாள். இருவர் கையும் மிளகாய்த்தூள் தூவிய ஒரே அன்னாசி அச்சாறுப் பைக்குள் போய் வந்தன. ஷிராணி தக்காளிக் குவியலுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

கோழிக்கடையில் நின்ற ஒருவன் கத்தினான். "டீச்சர், இது ஆம்பளையா பொம்பளையா? கேட்டுக்கிட்டுத்தான் ஏறுனீங்களா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஐரின் காதில் விழாததுபோல் அன்னாசித் துண்டை மென்றாள். அஸீமா தலையை வெளியே நீட்டினாள்.

"நல்லா ஓட்டுற ஆள். எனக்கு அது போதும். ஒங்களுக்கு என்னத்துக்கு இந்த ஆராய்ச்சி? நீங்க கோழிய வெட்டுங்க."

இப்போது எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் உள்ளே போனான். ஐரின் அஸீமாவைப் பார்த்த பார்வையில் அத்தனை நன்றி இருந்தது. அதை ஷிராணியும் பார்த்தாள். இந்த மூன்று வருடத்தில் ஐரினுக்காக அவள் ஒருமுறைகூட ஒருவனையும் அப்படிக் கேட்டதில்லை. கேட்கவேண்டிய வாய் தன்னுடையது; அதை எவளோ ஒருத்தி வந்து கேட்டுவிட்டாள். தக்காளியும் வாங்காமல் அவள் வீட்டுக்கு நடந்தாள்.

ஐரின் வந்ததும் சண்டை தொடங்கியது.

"நடுச் சந்தையில ஒரே பையில தின்றீங்க."

"நீயும் வந்து தின்னிருக்கலாமே" என்றாள் ஐரின். "தக்காளிக் கடையில நின்னது எனக்குத் தெரியாதா? அவன் கத்துனப்ப நீ முகத்தத் திருப்பிக்கிட்ட."

ஷிராணிக்கு முகம் சிவந்தது. "அவளுக்கென்னா? புருசன் இருக்கான், புள்ள இருக்கு. அவ என்னா பேசினாலும் யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. நான் அப்படிப் பேசினா அடுத்த நாளே கண்டுபிடிச்சிருவாங்க."

"அது உண்மதான்" என்றாள் ஐரின். "அதுக்காக அவ பேசுனது எனக்குப் பிடிக்கக்கூடாதா?"

அந்த வாரம் முழுக்க வீட்டில் தேவைக்கு மட்டுமே பேச்சு.

சனிக்கிழமை பின்னேரம் ஷிராணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சுவக்கின் அங்கிள் வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். நேரே பார்க்காமல் கொடிக் கயிற்றைப் பார்த்துப் பேசினார்.

"உங்க அக்கா விசயமா வந்தேன், புள்ள. அந்த முஸ்லிம் டீச்சரோட ஒரு மாதிரி பழக்கம்னு ஊருல கதைக்கிறாங்க. உடுப்பும் தலையும் பாத்தாலே தெரியுதுன்னு சொல்றாங்க. டீச்சரோட ஆளுங்க காதுக்குப் போனா பெரிய பிரச்சினையாயிரும். நீ நல்ல புள்ள. நீ இரு. அவளை வேற எடம் பாக்கச் சொல்லு."

ஷிராணியின் கையில் ஐரினின் ஈரச் சட்டை இருந்தது. அவர் சொன்னதில் அவள் பயப்படவேண்டிய விஷயங்கள் எத்தனையோ இருந்தன. ஒன்றும் மனதில் ஏறவில்லை. யாரை யாரோடு சேர்த்துச் சொன்னார் என்பது மட்டும் ஏறியது. ஐரினும் அஸீமாவும். ஊர் முழுக்க அந்த இரண்டு பெயரையும் சேர்த்துப் பேசுகிறது. மூன்று வருடம் சமைத்து, துவைத்து, காய்ச்சலில் விழுந்தபோது பக்கத்தில் விழித்திருந்தவள் இவள். ஐரினோடு சேர்த்துக் கெட்ட பெயர் வாங்குகிறவள் மட்டும் அவளா?

"டீச்சரோட இல்ல, அங்கிள்" என்றாள். "என்னோட."

"என்னா?"

"நாங்க ரெண்டு பேரும்தான். மூணு வருசமா. அவ எனக்கு அக்கா இல்ல. டீச்சருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஊருல கேட்டா அப்படிச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஐரினின் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். சுவக்கின் அங்கிள் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "மாசக் கடைசியில ரெண்டு பேரும் போயிருங்க. ஆன்ட்டிக்கு இதச் சொல்லாத" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஐரின் வந்து கேள்விப்பட்டதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னை ஒரு வார்த்த கேட்டியா? நாளைக்கு ஸ்டாண்டுல நான் எப்படி நிக்கிறது?"

"கேக்கல."

"மூணு வருசமா ரோட்டுல என்னைத் தெரியாத மாதிரி போன. இப்ப என்னா வந்துச்சு?"

"உன்னையும் அவளையும் சேத்துச் சொன்னாங்க. என்னால தாங்க முடியல."

ஐரின் அவளைப் பார்த்தாள். கோபம் போகவில்லை. ஆனாலும் வாய் ஓரம் கொஞ்சம் கோணியது. "பைத்தியம்" என்றாள். "பொறாமையில வீட்ட இழந்த மொத ஆளு நீதான்."

விஷயம் ஊரில் பரவி அஸீமாவுக்கும் எட்டியது. மறுவாரம் அவளே வந்தாள், ஊன்றுகோலோடு, மாமிக்குத் தெரியாமல். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே ஊன்றுகோலின் பிடியைத் தேய்த்தாள். அவளுக்கும் சங்கடம்தான் என்பது தெரிந்தது. பிறகு, "எங்க சாச்சாவின்ட வீட்டு மேல்மாடி சும்மாதான் கிடக்குற. நான் கேட்டுப் பாக்கவா?" என்றாள்.

"வேணாம் டீச்சர்" என்றாள் ஷிராணி, ஐரின் வாய் திறப்பதற்கு முன்.

பல்லேகலயில், தொழிற்சாலைக்குப் பின்புறம், தகரக் கூரை போட்ட ஓர் அறைதான் கிடைத்தது. மழை பெய்தால் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. வத்தேகம ஸ்டாண்டில் இரண்டு பேர் ஐரினோடு பேசுவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் சில நாள் கேலி பேசினார்கள், பிறகு ஹயர் பார்க்கப் போனார்கள். தொழிற்சாலையில் ஷிராணியோடு சாப்பிட்டுவந்த பெண் வேறு மேசைக்கு மாறினாள்.

அஸீமாவின் மாமி வேறு டிரைவர் தேடினார். பெண் டிரைவர் கிடைக்கவில்லை. ஐரின் பழையபடி காலையில் அவளை ஏற்றப் போனாள், இப்போது இன்னும் தூரத்திலிருந்து.

நோன்புப் பெருநாளன்று ஐரின், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுவந்தாள். "டீச்சர் உனக்குத்தான் குடுத்தா. எனக்கு இல்லயாம்."

ஷிராணி ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள். இனிப்பும் ஏலக்காயும் அளவாக இருந்தன. இன்னொரு கரண்டி எடுத்தாள்.

"எப்படி?"

"முட்டை கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு, பாத்திரத்தை ஐரினுக்கு எட்டாத பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.