சிவப்பும் கறுப்பும் கிடந்த மேடு

…எடுக்க மாட்டேன், ஆய்வேட்டிலிருந்து அந்த மேட்டு அத்தியாயத்தை எடுக்கவே மாட்டேன், என்ன செய்துவிடுவார்கள், டாக்டர் பட்டம் தர மாட்டார்கள், வைத்துக்கொள்ளட்டும், என்று பிரான்சி பஸ் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தாள், ஸ்ரீரங்கத்தில் ஏறிய பஸ் காவிரிப் பாலத்து நடுவில் வந்து நெரிசலில் நின்றுவிட்டது, அங்கே கல்லூரியில் ஆய்வுக்குழு உட்கார்ந்திருக்கும், நடுநாயகமாக அருள்நாதன் சார் இருப்பார், அவளுடைய வழிகாட்டி, நேற்றே சொல்லிவிட்டார், "அந்த ஒரு மேடு மட்டும் வேண்டாம்மா, அத எடுத்துட்டா பட்டம் கைக்கு வந்துரும்"… காலையில் புருஷன் ஆசீரும் அதையேதான் பாடினான், இட்லியை வாயில் வைத்துக்கொண்டு, "ஒரு கல்லு மேட்டுக்காகவா பிரான்சி இவ்வளவு மல்லுக்கட்டு?" மல்லுக்கட்டாம்! குளிரில் விரல் மரத்துப்போய் அந்தக் கல்லைப் பொறுக்கியவள் இவள்தானே, இவனா?

கீழே காவிரி, பாதி தண்ணீர், பாதி மணல்… இதுதான் சாரைக் கெடுத்தது, ஜீயபுரத்துக்காரர், பிறந்ததிலிருந்து ஆற்றையே பார்த்தவர், எந்த மேட்டைக் கண்டாலும் தண்ணீர் கொண்டுவந்து போட்டது என்றுதான் அவர் கண்ணுக்குப் படும், ஆர்க்டிக் பள்ளத்தாக்கில் கிடக்கிற அந்த நீள மேட்டையும் வானிலிருந்து எடுத்த படத்தில் மட்டும் பார்த்துவிட்டு, பனிக்கு அடியில் ஓடிய ஆறு போட்டது என்று அந்தக் காலத்தில் எழுதினார், அதில்தான் பேர் வாங்கினார். ஆனால் சார், தண்ணீர் தரம் பிரிக்கும், பெரிய கல்லை முதலில் போடும், மணலைக் கடைசிவரை கொண்டுபோகும், போகிற வழியில் முனையை உருட்டி மழுக்கும், பனியாறு அப்படியா, அது நகர்கிற பனிக்கட்டி, அதற்குப் பெரிசு சின்னது தெரியாது, ஓரத்து மலையிலிருந்து விழுந்ததை அப்படியே சுமக்கும், அப்படிச் சேர்ந்த கல்குவியல்தான் மொரைன், ஓரத்தில் கிடப்பது பக்க மொரைன், அடியில் அரைபட்டுப் படிந்தது தரை மொரைன், நின்றுபோன இடத்தில் முன்னால் கொட்டியது முனை மொரைன், இரண்டு பனியாறுகள் கூடினால் இரண்டின் ஓரக் குவியலும் சேர்ந்து நட்டநடுவில் ஒரே மேடாகப் போகும், அதுதான் மத்திய மொரைன், அவள் பார்த்தது அதுதான், ஒரு பக்கம் முழுக்கச் சிவப்புக் கல், மறு பக்கம் முழுக்கக் கறுப்பு, ஒரு முனைகூட மழுங்கவில்லை. ஆறு ஓடியிருந்தால் கலந்திருக்காதா? கேட்டால், பட்டம் வேண்டுமா என்கிறார், எவ்வளவு ஆத்திரமாக வருகிறது!

போன் அடித்தது, சார்தான், எடுக்காமல் விடலாமா, ஏன், பயமா என்ன, எடுத்தாள். "எங்கம்மா இருக்க?" "பாலத்துல நிக்குது சார் பஸ்ஸு. சார், நான் அத எடுக்கப் போறதில்ல." சொல்லிவிட்டாள், திட்டட்டும், திட்டினால் சொல்ல வரிசையாகப் பதில் வைத்திருந்தாள். அவர் திட்டவில்லை. "செவப்பும் கறுப்பும் ஒண்ணோட ஒண்ணு கலக்கவே இல்லையாம்மா?" "இல்ல சார், கோடு கிழிச்ச மாதிரி." "எவ்வளவு தூரத்துக்கு?" "மேடு முடியற வரைக்கும் சார், நான் கூடவே நடந்தேன்." "நடந்தியா… சரி, வா, பாத்து வா," வைத்துவிட்டார்.

என்ன இது, ஒத்துக்கொண்டாரா, குழுவின் முன்னால் மாட்டிவிடப் போகிறாரா, கேட்ட குரல் வாத்தியார் குரலாகவே இல்லையே, ஊருக்குப் போய்வந்தவர்களிடம் வீட்டிலிருப்பவர்கள் விசாரிக்கிற குரல்… ஆமாம், அவர் ஆர்க்டிக்குக்குப் போனதே இல்லை, ஒரு தடவைகூட, வந்த ஒரே அழைப்பு அவர் பேருக்குத்தான் வந்தது, முழங்கால் வலி என்று சொல்லி இவளை அனுப்பினார், அந்த வாரமே மலைக்கோட்டைப் படி முழுக்க ஏறி இறங்கியவர்! நேரில் போகிறவள் கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பாள், தான் எழுதியது பொய்யாகும் என்று அவருக்குத் தெரியாதா? பஸ் நகர்ந்தது. படிப்பாள், குழுவின் முன்னால் அந்த அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் படிக்கத்தான் போகிறாள், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தா, பார்க்காமலா?