பதினோரு சம்மதம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, லிஃப்ட் தொழிற்சாலையில் பிரேக் சோதிக்கும் அக்காவின் வலது கை சூடேற ஆரம்பித்தது. மதியத்துக்குள் அவர் உள்ளங்கையில் வைத்த டம்ளர் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கேன்டீன்காரர் இரண்டு நாள் பாலை அங்கேதான் காய்ச்சினார், கேஸ் மிச்சம்.

காரணம் ஆத்திரம், வேறொன்றுமில்லை. ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போகவேண்டிய நாற்பது பிரேக்குகளில் ஒன்பது பிடிக்கவில்லை. கம்பெனியை வாங்கிய வெளிநாட்டு நிறுவனம் அனுப்பிய மேலாளரின் ஊரில், ஆட்சேபம் இருந்தால் கூட்டத்திலேயே சொல்லிவிடுவார்கள். பேசாமல் இருந்தால் சம்மதம். நம்மாட்களோ நாலு பேர் முன்னால் மேலதிகாரியை மறுக்கமாட்டார்கள், பிறகு தனியாகப் போய்த் தன்மையாகச் சொல்வார்கள். அக்காவும் மூன்று தடவை அப்படித்தான் போனார். மூன்று தடவையும் மேலாளர் கூட்டக் குறிப்பைத் திருப்பிக் காட்டினார்: எல்லோரும் சம்மதம். என்ன அநியாயம் இது! மரியாதைக்கு மூடிய வாயையா சாட்சிக்கு இழுப்பது?

அதனால்தான் செவ்வாய்க்கிழமை கூட்டத்திலேயே எழுந்துவிட்டார். "சார், இந்த ஒன்பதும் பிடிக்காது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மேலாளர் கேட்டார். பதினோரு பேரும் மேசையைப் பார்த்தார்கள். பதினோரு சம்மதம் என்று எழுதப்பட்டது. பதினெட்டு வருடம் கூட வேலை பார்த்த தலைமைப் பொறியாளர் பல்லைக் கடித்தார்: "என்னம்மா இது, எல்லார் முன்னாடியும்? பேசாம போட்டுட்டு உக்காரு."

அப்போதுதான் கை சூடேறியது. பேனா உருகியது, படிவம் கருகியது. புதுப் படிவம் கொண்டுவந்தார்கள், அதுவும் கருகியது.

வீட்டில் அவர் வாளித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வேலை போயிடும், தெரியுமில்ல?" என்றார் கணவர்.

"போனா போகட்டும். ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கறவங்க லிஃப்ட் விழும்போது எழுந்து ஓடுவாங்களா?"

வெள்ளிக்கிழமை அக்காவை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கூட்டம் நடந்தது. அவரை நீக்கிவிட்டு வேறொருவரைக் கையெழுத்துப் போடவைக்கலாம், ஆட்சேபம் உண்டா என்று மேலாளர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை, கோழைகள். ஆனால் மேசைமேல் இருந்த இருபத்திரண்டு கைகளுக்கும் கீழே மரம் கருகிப் புகை எழுந்தது. முதலில் கருகியது தலைமைப் பொறியாளரின் இடம்.

மேலாளர் இருமினார். ஜன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டு, குறிப்பில் தானே எழுதினார்: யாருக்கும் சம்மதமில்லை. ஒன்பது பிரேக்குகளும் அன்றே உருக்கப் போயின. இன்றும் அங்கே கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. இரும்பு மேசை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். குறிப்பு எழுதுமுன் மேலாளர் அந்த மேசையைத் தொட்டுப் பார்க்கிறார்.