ஒரே விமானத்தில் இரண்டு அணிகள்

மான்செஸ்டரில் விமானம் மேலே எழும்பியதுமே டேரில் ஜன்னல் மூடியை இழுத்து அடைத்தான்.

"வெளிச்சம் கண்ணைக் குத்துது, லீ."

ஏற்கெனவே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். தொப்பியையும் புருவம் வரை இறக்கியிருந்தான். லியான் தன் சால்வையை எடுத்து அவன் மடியில் போட்டாள். திருமணமாகி ஒன்பது வருடங்களில் அவனுக்குக் குளிர்ந்து அவள் பார்த்ததில்லை. இன்று அவன் கை ஜில்லென்று இருந்தது.

நடைபாதைக்கு அந்தப்பக்கம் தோர்ன்பெக் அணி உட்கார்ந்திருந்தது. இந்தப்பக்கம் டேரிலின் லேக்ஃபோர்ட் அணி. ஞாயிற்றுக்கிழமை இந்த இரண்டு அணிகளும்தான் மோதப்போகின்றன. ஜெயிக்கிற அணி ரக்பி லீக்கின் முதல் பிரிவுக்குப் போகும். தோற்கிற அணி இன்னொரு வருடம் பழைய சேற்றிலேயே உருள வேண்டியதுதான்.

லேக்ஃபோர்ட் கனடாவில் இருக்கிற ஊர். கடல் தாண்டி வருகிற அணியை இங்கிலாந்தின் லீக்கில் சேர்த்துக்கொண்டபோது ஒரு நிபந்தனை போட்டார்கள். ஆட வருகிற அணிகளின் விமானச் செலவெல்லாம் லேக்ஃபோர்டுடையது. அதனால் லேக்ஃபோர்ட் மேலாளர் எப்போதும் மொத்தமாக டிக்கெட் எடுத்துவிடுவார், இரண்டு அணிகளுக்கும் ஒரே விமானத்தில். கனடாவில் வசந்தம் வரை மைதானம் பனிக்கு அடியில் கிடக்கும் என்பதால் ஆட்டக்காரர்கள் வருடத்தில் பாதி நாள் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலேயே குடியிருந்து பயிற்சி செய்தார்கள்.

"சொந்த மைதானத்துக்குப் போறதுக்கே பாஸ்போர்ட் கேக்குற டீம்டா இது!" என்று தோர்ன்பெக் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"உங்க மைதானத்துக்கு ரப்பர் பூட்ஸ் வேணும், அதுக்கு இது பரவாயில்ல!" என்று இந்தப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

டேரிலும் சிரித்தான். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

போன சனிக்கிழமை அரையிறுதியில் ஒருவனின் முழங்கால் டேரிலின் நெற்றிப்பொட்டில் இடித்தது. அன்று சாயங்காலமே அணியின் டாக்டர் ஹோல்ராய்ட் சோதித்துப் பார்த்தாள். ஞாபகம், சமநிலை, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்வது. சீசன் தொடங்கும் முன்பு குளிர்காலத்தில் எடுத்த மதிப்பெண்ணோடு ஒப்பிட்டாள். ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. ஆடலாம் என்றாள்.

அந்தக் குளிர்காலச் சோதனையின் லட்சணம் ஆட்டக்காரர்களின் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அன்று யாரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை. வேண்டுமென்றே திணறுவார்கள், ஒரு மாதத்தை விட்டுவிடுவார்கள், ஒற்றைக்காலில் தள்ளாடுவார்கள். பிறகு நிஜமாகவே அடிபட்டு மூளை கலங்கினாலும் மதிப்பெண் அதே இடத்தில் நிற்கும், யாரும் உட்கார வைக்க மாட்டார்கள். டேரில் அன்று வீட்டுக்கு வந்து, செப்டம்பரைத் தான் விழுங்கிய விதத்தைக் கண்ணடித்துக் கண்ணடித்து நடித்துக் காட்டினான். இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த லியான் சிரித்துச் சிரித்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

அவனுக்கு வயது முப்பத்துமூன்று. முதல் பிரிவில் ஒரு தடவைகூட ஆடியதில்லை. அதற்காகத்தான் பிறந்த ஊரான தோர்ன்பெக்கின் அணியை விட்டு லேக்ஃபோர்டில் சேர்ந்தான். ஊரில் பாதிப் பேர் அவனோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவனுடைய அண்ணன் கார்ல் மட்டும் நிறுத்தவில்லை. கார்ல் இன்னும் தோர்ன்பெக்குக்குத்தான் ஆடுகிறான்.

உணவு வந்து போனதும் லியான் கழிப்பறைப் பக்கம் போனாள். திரைச்சீலைக்குப் பின்னால் கார்ல் நின்றிருந்தான். அவளுக்காகவே காத்திருந்தவன்போல் தெரிந்தது.

"என்ன மா, அவன் எப்படி இருக்கான்?"

"நல்லாத்தான் இருக்கான். தூக்கம் பத்தல."

"எங்கிட்டயே கதை விடாத. பையைத் தூக்கி மேல வைக்கறதுக்குள்ள மூணு தடவை தவறவிட்டான். நான் மட்டும் பாக்கல, எங்க கோச்சும் பாத்தாரு."

"அதுக்கு?"

கார்ல் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை பந்து வாங்குறவன் எல்லாம் டேரில் மேலயே ஓடணுமாம். என்னையும் சேத்துத்தான் சொன்னாரு."

"நீ ஓடுவியா?"

"நான் ஓடலன்னா என்னை உக்கார வச்சிட்டு இன்னொருத்தனை ஓட விடுவாங்க. அவன் அண்ணனா தம்பியான்னு பாத்து மோதுவானா?"

"அப்போ நீயே போய் டாக்டர்ட்ட சொல்லேன், கார்ல்."

"எதிர் டீம்காரன் சொன்னா எவன் நம்புவான்? சூழ்ச்சின்னுவாங்க. நீ சொல்லு மா. சீக்கிரம் சொல்லு."

அவள் திரும்பி வந்தபோது டேரில் காகிதப் பையில் முகத்தை வைத்துக் குனிந்திருந்தான். முன் இருக்கையிலிருந்து கேப்டன் எட்டிப் பார்த்தான். பிறகு லியானையும் பார்த்தான்.

"விமானத்துல குடுத்த கோழிதான். எனக்கும் வயிறு சரியில்ல," என்றான் அவசரமாக.

கேப்டனுடைய பயம் அவளுக்குத் தெரியும். ஒரு ஆட்டத்துக்குப் பதினேழு பேர் வேண்டும். மாற்று ஆட்கள் மூன்று பேருக்கு விசா வரவில்லை, அவர்கள் யார்க்‌ஷயரிலேயே நின்றுவிட்டார்கள். விமானத்தில் ஏறியவர்கள் சரியாகப் பதினேழு பேர். அவளுக்கும் ஆசை இல்லாமலில்லை. ஜெயித்தால் வாங்கலாம் என்று ஏரிக்கரையில் ஒரு வீடு பார்த்து, மகள் எல்சிக்கு எந்த அறை என்றுகூட மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தாள். இன்னும் ஒரே ஒரு ஆட்டம்.

டேரிலின் விரல்கள் சால்வையைப் பிசைந்துகொண்டே இருந்தன. அவனுக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது.

அவள் டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் ஹோல்ராய்ட் நடைபாதையில் மண்டியிட்டு, கைக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள். "சும்மா ஒரு தடவை பாத்துடலாம், டேரில். மாசங்களைப் பின்னாலேர்ந்து சொல்லு பாப்போம்."

"டிசம்பர். நவம்பர். அக்டோபர்." அவன் நின்றான். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. "ஆகஸ்ட்... ஜூலை..."

டாக்டர் சொல்லிக்கொடுத்த ஐந்து சொற்களில் மூன்றைத் திருப்பிச் சொன்னான்.

டாக்டர் திரையைப் பார்த்தாள். முகம் தெளிந்தது. "குளிர்காலத்துலயும் இதே செப்டம்பரைத்தான் விட்டிருக்கான். சொற்களும் அதே மூணு. ஒரு மாற்றமும் இல்ல, லியான். இவ்வளவு உயரத்துல தலைவலி யாருக்கும் வரும்."

லியான் கணவனின் முகத்தையே பார்த்தாள். அவன் கண்ணடிப்பான் என்று ஒரு கணம் காத்திருந்தாள். அவன் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அந்த ஒரு மாதத்தை அவன் எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தான்.

இந்தத் தடவை அவன் நடிக்கவில்லை.

"அது பொய் மதிப்பெண், டாக்டர்," என்றாள். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "குளிர்காலத்துல வேணும்னே தப்பா சொன்னான். மாசம் எல்லாம் அவனுக்கு அப்போ தலைகீழாத் தெரியும்."

கேப்டன் எழுந்தே விட்டான். "லியான்! வாயை மூடுறியா? என்ன பேசறன்னு தெரியுதா உனக்கு?"

"தெரியுது. நீயும் அப்படித்தான் பண்ண. உன் பொண்டாட்டிதான் சொன்னா."

டாக்டர் மெதுவாக நிமிர்ந்தாள். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள். "வேற யாரெல்லாம்?"

இந்தப்பக்கத்துப் பெரிய உடம்புகள் எல்லாம் முன்னாலிருந்த சின்னத் திரைகளை உற்றுப் பார்த்தன. அந்தப்பக்கத்திலும் கேலி நின்றுபோயிருந்தது. தோர்ன்பெக்கின் டாக்டர் தன் ஆட்டக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"டேரில் ஞாயித்துக்கிழமை ஆடல," என்றாள் டாக்டர் ஹோல்ராய்ட்.

"பதினாறு பேரை வச்சு இறுதியாட்டமா?" என்றார் மேலாளர். "இரண்டு வருஷம் கடல் தாண்டித் தாண்டி வந்து சேர்ந்த இடம் இது. ஊரே காத்துக்கிட்டிருக்கு. நாளைக்கு ஒரு தடவை சோதிச்சுப் பாருங்களேன்."

லியான் அவர் பக்கம் திரும்பவில்லை. டேரிலின் கோபத்துக்காகக் காத்திருந்தாள். கத்துவான். கையை உதறுவான். வீடு திரும்பும்வரை பேசமாட்டான். எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தாள்.

அவன் அவள் பக்கம் சாய்ந்தான். முகத்தில் கோபமே இல்லை. களைத்துப்போன, இனிமையான ஒரு புன்னகை.

"முடிஞ்சிடுச்சா, லீ? யார் ஜெயிச்சா?"

டாக்டர் அவனுடைய கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சின்ன விளக்கைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஒரு கண்ணின் பாவை சுருங்கியது. மற்றது பெரிதாகத் திறந்தபடியே இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். பிறகு எழுந்து, நடைபாதையில் ஓட்டமும் நடையுமாக முன்பக்கம் போனாள்.

விமானப் பணிப்பெண்ணின் குரல் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து கேட்டது. "திரும்பிப் போறதுக்கும் முன்னால போறதுக்கும் இப்போ ஒரே தூரம்தான், டாக்டர். கீழ கடல்தான் இருக்கு."

கார்ல் நடைபாதையைத் தாண்டி வந்தான். தோர்ன்பெக் கோச் ஏதோ சொன்னார், அவன் காதில் வாங்கவில்லை. தம்பியின் மறுபக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளைச் சுற்றிக் கை போட்டான்.

"கார்லு, நீயாவது சொல்லுடா. யார் ஜெயிச்சா?"

"நீங்கதாண்டா."

"பொய். உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." டேரில் கண்ணை மூடப்போனான்.

டாக்டர் முன்பக்கத்திலிருந்தே கத்தினாள். "தூங்க விடாதீங்க! பேச வச்சுக்கிட்டே இருங்க!"

"டேரில்," என்றாள் லியான். "டேரில், என்னைப் பாரு. எல்சியைப் பத்திச் சொல்லு. எங்க இருக்கா எல்சி?"

"உங்க அம்மா வீட்ல," என்றான் அவன். சரியான பதில். அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு அவன் மெதுவாகக் கேட்டான், "எல்சி பிறந்துட்டாளா?"

கார்லின் கை இறுகியது. என்ஜினின் சத்தம் மாறியது. இரண்டு அணிக்காரர்களும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெல்லத் திரும்பத் தொடங்கியது. எந்தத் திசைக்கு என்று யாரும் கேட்கவில்லை. லியான் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் தன் பக்கம் திருப்பிப் பிடித்து, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.